எஃப் டி பி ஜே எச்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோதே அது கிழடாகத்தான் வந்தது. அப்பா வேலை பார்த்த நூல் மில்லில், ஆபீசுக்குப் புதிய மெஷின்கள் இறங்கியதும் பழையவற்றைக் கழித்துக் கட்டினார்கள். அதில் ஒன்றை, மகள் படிப்புக்கு ஆகும் என்று சொல்லி அப்பா கேட்டு வாங்கினார். ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு, ராஜபாளையமே பார்க்கும்படி மெதுவாக ஓட்டச் சொல்லிக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த மகள் நான்தான். ஐந்தாம் வகுப்பு. அதில் நான் படித்தது ஒரு எழுத்துக்கூட இல்லை. சீட்டு அடுக்கினேன், கார் ஓட்டினேன், மரத்தில் முட்டினேன். அதை வைத்து உருப்படியாக வேலை செய்தவள் அத்தை ஒருத்திதான்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புதுப் பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம் என்பதால் அப்பாவே போய்க் கூட்டி வந்தார். ஆடி முடிந்தது. ஆவணி வந்தது, ஐப்பசி வந்தது, தை பிறந்து பொங்கலும் வைத்தாயிற்று. ஆடிக்கு வந்த அத்தை போகவில்லை. தெருவில் கேட்டவர்களுக்கு அம்மா முதலில் ஆடி என்றாள், அப்புறம் உடம்பு சரியில்லை என்றாள், அதற்கும் அப்புறம் யாரும் கேட்காதபடி வாசல் தெளித்ததும் சட்டென்று உள்ளே வந்துவிடப் பழகிக்கொண்டாள்.

காரணம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அத்தை ஒரு அச்சகத்தில் தமிழ் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆனதும் அதெல்லாம் வேண்டாம், நான் சம்பாதிப்பது போதும் என்று மாமா சொல்லிவிட்டார். சண்டை போட்டுச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாராம். அத்தை அதற்குப் பதில் சொல்லாமல் ஆடி வரைக்கும் காத்திருந்திருக்கிறாள்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அத்தை கல்யாணப் பத்திரிகை அடித்தாள். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா என்று எல்லாம் அடித்தாள். அச்சகங்களிலிருந்து ஆள் வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு பேசும் அம்மா தன் மகன் பத்திரிகைக்கு வந்து உட்கார்ந்து, உறவுக்காரர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அத்தை திரும்பியே பார்க்காமல் அடித்துக்கொண்டு போவாள். "ஏமி வேள்ளு தல்லி இவி!" என்று அந்த அம்மா அவள் விரல்களைப் பார்த்துக் கன்னத்தில் கைவைத்துக்கொள்வாள். என்ன விரலடி உனக்கு என்று அர்த்தம். சாவிகளில் இருந்தது என்னவோ ஆங்கில எழுத்து. திரையில் வந்தது தமிழ். அது எப்படி என்று நான் கேட்டதில்லை. அத்தை அடித்தால் தமிழ் வரும், நான் அடித்தால் வராது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தையிடம் விதவிதமான எழுத்துகள் இருந்தன. கம்ப்யூட்டர்காரர்கள் ஃபாண்ட் என்பதை அத்தை 'எழுத்து' என்றே சொல்வாள். குண்டு எழுத்து, கொடி எழுத்து, கோயில் சுவரில் இருப்பது போன்ற எழுத்து, பட்டாசுப் பெட்டியில் இருப்பது போன்ற எழுத்து. தெரிந்த அச்சகங்களில் எல்லாம் கேட்டுக் கேட்டு ஃப்ளாப்பிகளில் வாங்கி வந்து சேர்த்தவை. அந்த ஃப்ளாப்பிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் 'எழுத்து' என்று பேனாவால் எழுதி, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். நகை வைக்கிற இடம் அது.

அத்தைக்கு ஒரு கடை போட வேண்டும் என்று ஆசை. பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன அறை பார்த்து வைத்திருந்தாள். கடைக்குப் பெயர் கவிதா டி.டி.பி. கவிதா என்பது நான். "ஒம் பேரு ராசியான பேருட்டி" என்றாள். என்ன ராசியைக் கண்டாளோ, எனக்குக் கால் தரையில் படவில்லை. அந்தப் போர்டுக்காக ஒரு பக்கம் முழுக்க என் பெயரையே ஒன்றின் கீழ் ஒன்றாக வேறு வேறு எழுத்தில் அடித்து வைத்திருந்தாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னை உட்கார வைத்து, "இது நல்லாருக்கா, அது நல்லாருக்கா?" என்று கேட்பாள். நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றைச் சொல்வேன். அத்தை சலிக்காமல் இன்னும் ஒன்று சேர்ப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் கம்ப்யூட்டர் மெதுவாகிக்கொண்டே வந்தது. முதலில் சுவிட்சைப் போட்டுவிட்டு அத்தை தலை சீவிக்கொண்டாள். அப்புறம் சீவிப் பின்னலும் போட்டாள். கடைசியில் குளித்துவிட்டே வந்தாள். "இத ஆன் பண்ணிட்டு சோழபுரம் போயி தக்காளி வாங்கிட்டு வந்துரலாம்" என்று பக்கத்து ஊரைச் சொல்லி அப்பா கேலி செய்தார். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. முகூர்த்தம் வருகிறது, பத்திரிகைகள் குவிகின்றன. நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் இரண்டு அச்சகங்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டன. கடை என்று ஒன்று போட்டால் இந்த மெஷினை வைத்துத்தான் போட வேண்டும். மெஷின் படுத்தால் கடையும் இல்லை, கடை இல்லை என்றால் அத்தை எந்தச் சாக்கில் இந்த வீட்டில் இருப்பாள்? இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கே தெரிந்திருந்தது என்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

ஆளுக்கொரு வைத்தியம் பார்த்தார்கள். "இவ கார் ஓட்டி ஓட்டித்தான் அது தேஞ்சு போச்சு" என்று அம்மா தீர்ப்புச் சொல்ல, என் கார் போயிற்று. சூட்டினால்தான் என்று யாரோ சொன்னதில், எங்கள் தலைமாட்டில் இருந்த டேபிள் ஃபேன் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. நாங்கள் வியர்த்தோம், அது காற்று வாங்கியது. அப்பா மில்லில் வளர்ந்தவர் ஆயிற்றே. "மெஷின்னா எண்ணெய் கேக்கும்" என்று பெட்டியைத் திறந்து, உள்ளே சுற்றுகிற காற்றாடிக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். சத்தம் நின்றது. வேகம் வரவில்லை. கிர்ரென்று சத்தமாவது போட்டுக்கொண்டிருந்தது, இப்போது சத்தமும் இல்லாமல் தூங்கியது.

அதற்கு மேல்தான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. மாமா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்பவர். அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? சமாதானம் பேச வாருங்கள் என்று கூப்பிட்டால் வர மாட்டார். கம்ப்யூட்டர் பார்க்க வாருங்கள் என்றால் தட்ட முடியுமா? சாப்பிடும்போது யாருடனோ பேசுவது போல அப்பா சொன்னார்: "மாப்ளைக்கு போன் போட்டேன். ஞாயித்துக்கெழம வாராரு. மெஷினப் பாக்கத்தான்."

அத்தை ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் தலையில் மல்லிகைப்பூ வைத்திருந்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். சட்டைப் பையில் ஸ்க்ரூட்ரைவர், கையில் ஜிப் வைத்த சி.டி. பை. "வாங்க மாப்ள" என்று அப்பா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா காபியை என் கையில் கொடுத்து அனுப்பினாள். அத்தை கதவுக்குப் பின்னால் நின்றாள். மாமா யாரையும் பார்க்காமல் நேராகக் கம்ப்யூட்டரிடம் போய், அதன் முதுகில் தட்டிப் பார்த்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டியைக் கழற்றிப் பச்சை நிறத்தில் ஒரு சின்னத் தகட்டை வெளியே எடுத்தார். "கவிதா, ஒன் ரப்பரக் குடு" என்றார். என் ஸ்ட்ராபெர்ரி வாசனை ரப்பரால் தகட்டின் ஓரத்தைத் தேய்த்து, ஊதி, மறுபடி சொருகினார். கம்ப்யூட்டருக்கும் ரப்பர் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் நான் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. அதிலும் வேகம் வரவில்லை. பிறகு திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்று, முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"மச்சான், இங்க பாருங்க. எழுத்து மட்டும் எம்புட்டு வச்சிருக்கு! ஆன் ஆகையில இம்புட்டையும் சொமந்துக்கிட்டுத்தான் இது எந்திரிக்கணும். பொறவு எப்படி ஓடும்?"

"பாரந்தான் காரணமா?" என்றார் அப்பா. "அப்ப பாரத்த எறக்கிருங்க மாப்ள."

சொன்ன பிறகுதான் அப்பாவுக்கு அந்த வார்த்தை உறைத்திருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒட்டுமொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் சரிவரும் என்று மாமா சொன்னார். ஆனால் அவர் அடாவடிக்காரர் இல்லை. வேண்டியதை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் அழிப்பேன் என்றார். திரையில் ஃபோல்டர் பெயர்களைப் பார்த்தபடியே, யாரிடம் என்று இல்லாமல் கேட்டார்: "முகூர்த்தம்னு ஒன்னு இருக்கு. வேணுமா?"

கதவுக்குப் பின்னாலிருந்து, "வேணும்."

"மாடல்னு இருக்கு?"

"வேணும்."

"கவிதா போர்டு?"

அத்தை கதவை விட்டு வெளியே வந்தாள். "அது கண்டிப்பா வேணும்."

"என்ன போர்டு?"

"கடைக்கு."

"எங்க?"

"பஞ்சு மார்க்கெட் பக்கம். எடம் பாத்திருக்கு."

"ம்" என்றார் மாமா. ஒரு வருஷமாகப் பேசாத இருவர் இவ்வளவு பேசியதில் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாத்தனாரின் வாழ்க்கை ஃபோல்டர் ஃபோல்டராகச் சரியாகிக்கொண்டிருப்பதாக நினைத்து, அடுப்படிக்குப் போய்க் கறிக்குழம்பில் இன்னும் கொஞ்சம் தேங்காய் அரைத்து விட்டாள்.

சாப்பாடு முடிந்து வெற்றிலையும் போட்டாயிற்று. கம்ப்யூட்டர் புதுப் பிறவி எடுத்து உட்கார்ந்திருந்தது. மாமா சுவிட்சைப் போட்டார். அத்தை பழக்கத்தில் தலைக்குக் கை கொண்டுபோனாள். கை கூந்தலைத் தொடுவதற்குள் திரை வந்து நின்றது. அப்பா கை தட்டினார். "இனிமே சோழபுரம் போயி வர நேரமில்ல!" என்றார்.

"எல்லாம் பத்திரமா இருக்கான்னு பாத்துரலாம்" என்று மாமா எடுத்து வைத்தவற்றைத் திறந்தார். முகூர்த்தத்தைத் திறந்தார். பத்திரிகை இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டிக் கிடந்தன. நடுநடுவே அரைப்புள்ளிகள். அடுத்ததைத் திறந்தார். அதுவும் அப்படியே. மாமாவின் கழுத்து வியர்த்தது. கவிதா போர்டைத் திறந்தார். மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரி ஐந்து எழுத்து, வரிக்கு வரி, பக்கம் முழுக்க அதேதான்.

மாமா நாற்காலியில் சாய்ந்தார். "வைரஸ்" என்றார். "மச்சான், பாத்தீகளா, ஒரே வார்த்தையத் திருப்பித் திருப்பி அடிச்சு வச்சிருக்கு. வைரஸோட வேலையே இதான். எல்லா ஃபைலையும் தின்னுருச்சு. ஸ்லோ ஆனதுக்கே இதுதான் காரணமா இருக்கும்."

"அடப்பாவி" என்றார் அப்பா, வைரஸைப் பார்த்து.

எனக்கோ கொண்டாட்டம். வைரஸை நேரில் பார்த்தவள் எங்கள் வகுப்பில் யார் இருக்கிறார்கள்? திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். எஃப் டி பி ஜே எச். அடுத்த வரி, எஃப் டி பி ஜே எச். படிக்கப் படிக்க அது பாட்டாகிவிட்டது. ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டு, "எஃப் டி பி, ஜே எச்! எஃப் டி பி, ஜே எச்!" என்று பாடினேன். அம்மா அதட்டினாள். நான் அத்தையைப் பார்த்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் மடியில் இருந்தன. விரல்கள் சேலை மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. அத்தை தாளம் போடுகிறாள் என்று எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. இன்னும் சத்தமாகப் பாடினேன்.

மாமா அத்தையின் பக்கம் திரும்பினார். வந்ததிலிருந்து அப்போதுதான் நேராக முகத்தைப் பார்த்தார். "இத வச்சிருந்தா திரும்பவும் மெஷினக் கெடுத்துரும்" என்றார். பிறகு குரலை இறக்கி, "போகட்டும் விடு. நம்ம வீட்டுக்கு ஒரு புது மெஷின் எடுத்துருவோம். அதுல மொதல்லருந்து அடிச்சுக்க" என்றார்.

நம்ம வீட்டுக்கு என்றதும் அடுப்படி வாசலில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தை வாயைத் திறந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். பீரோவைப் பார்த்தாள், அப்பாவின் முதுகைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கடைசியாக வியர்த்துப் போயிருந்த மாமாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அழிச்சிரட்டுமா?" என்று மாமா கேட்டார்.

"அழிச்சிருங்க" என்றாள் அத்தை.

ஆடிப்பூரத் தேருக்கு முன்னால் அத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டாள். போகும்போது பிஸ்கட் டப்பாவை என்னிடம் கொடுத்து, "வச்சு வெளாடு" என்றாள். ஃப்ளாப்பிகளை அடுக்கி வீடு கட்டினேன். அலுத்த பிறகு, அவை அம்மாவுக்குக் காபி டம்ளருக்கு அடியில் வைக்க ஆயின. 'எழுத்து' என்ற அத்தையின் கையெழுத்தின் மேல் காபி வட்டம் படிந்து படிந்து, எல்லாம் ஒவ்வொன்றாக எங்கோ போயின. கம்ப்யூட்டர் காற்றாய்ப் பறந்தது. என் காரும் திரும்பி வந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் சந்தோஷத்துக்குக் குறைவில்லை.

நம்ம வீட்டுக்கு என்று மாமா சொன்ன புது மெஷின் வரவில்லை. பையன் பிறந்தான், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். வீடு எடுத்துக் கட்டினார்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். இரண்டாவது பையனும் பிறந்தான். மாமா கெட்டவர் இல்லை. அத்தைக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டு ரசம் வைப்பவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருத்தம் இருந்திருக்காது, கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். இன்று அத்தையின் கையில் பெரிய போன் இருக்கிறது. பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவாள். குரலில் பேசித்தான் அனுப்புவாள். ஒரு எழுத்துக்கூட அடித்து அனுப்பியதில்லை. அவ்வளவு வேகமான விரல்கள் அவை.

போன மாதம் என் அலுவலகத்துக்கு ஊரிலிருந்து ஒரு பழைய விழா மலரின் பக்கங்கள் ஃபைலாக வந்தன. திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டிக் கிடந்தன. நடுநடுவே அரைப்புள்ளிகள். "வைரஸ்" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "வைரஸ் இல்ல மேடம், பழைய தமிழ் ஃபாண்ட். ஒங்க சிஸ்டத்துல அது இல்ல, அதான் வெறும் சாவி எழுத்தாத் தெரியுது. ஃபாண்டப் போட்டா சரியாயிரும்." போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் முழுக்கத் தமிழாயிற்று. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

அவள் போன பிறகு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, அதே எழுத்தைத் தேர்ந்துகொண்டு, மறக்காத அந்தப் பாட்டை ஒவ்வொரு சாவியாகத் தேடி அடித்தேன். எஃப். டி. பி. ஜே. எச்.

கவிதா என்று வந்தது.

அன்றைக்கு மாமா வைரஸ் என்றபோது, ஃபாண்டுகளைத் தவிர எதுவும் அழிந்திருக்கவில்லை. அத்தையின் பத்திரிகைகள், என் பெயர், கடை எல்லாம் அப்படியேதான் இருந்தன. சேலைக்கு அடியில் இருந்த டப்பாவை எடுத்து நீட்டினால் போதும். மாமாவுக்கு அது தெரியாது. பள்ளிக்கூட லேபில் தமிழ் அடித்தவர் யார்? அப்பாவுக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டால், தெரிந்துகொண்டே அழிக்கச் சொல்லியிருக்க மாட்டாள் என்று நம்பத்தான் எனக்கும் ஆசை. போனை எடுத்துக் கேட்டுவிடலாம். கேட்க மனம் வரவில்லை.

ஏனென்றால், நான் பாடப் பாடத் தாளம் போட்டாளே, தாளம் என்றால் விரலெல்லாம் சேர்ந்தல்லவா விழும். மடியில் அவளுக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு விரலாக விழுந்துகொண்டிருந்தது. இடக்கையில் இரண்டு எழுத்து, வலக்கையில் மூன்று. பி என்று நான் கத்தும்போதெல்லாம் வலது சுண்டுவிரல் மட்டும் தனியாக நீண்டு தட்டியது. தாளத்துக்குச் சுண்டுவிரல் எதற்கு என்று நான் யோசிக்கவில்லை.